இழுக்கும், ஆனால் சுமக்காது

இதை நான் நேரில் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயோவாவின் டி மொயினில் என் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் கோரின், போன செப்டம்பரில் டென்வருக்குக் காரில் போனாள். வழியில் டயரில் ஆணி ஏறிவிட்டது. நெப்ராஸ்காவில் நார்த் பிளாட் என்ற ஊரில் ஒரு டயர் கடையில் உட்கார நேர்ந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் லேவர்ன் ஸ்வோபோடா. ஆர்டு ஊர்க்காரர், அறுபத்தெட்டு வயது, தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேசியதைக் கோரின் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். இரண்டாவது தடவை குறித்துக்கொண்டேன். எண்கள் இரண்டு தடவையும் ஒன்றாகவே இருந்தன. மற்ற இடங்களில் வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம்.

"...பதினோராயிரம் பவுண்டு இழுக்கும்னு டிவி விளம்பரத்துல காட்டுறான்ம்மா! மலை மேல! மழை வேற கொட்டுது. பின்னாடி ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுப் போறான். ஓட்டுறவன் மூஞ்சில ஒரு சுருக்கம் இல்ல. ஏன் தெரியுமா? வண்டிக்குள்ள அவன் ஒருத்தன்தான். அடுத்த தடவை நல்லாப் பாரு. பொண்டாட்டி இருக்க மாட்டா. பெட்டி இருக்காது. ஒரு காபி டம்ளர்கூட இருக்காது. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்...

உக்காரு, உக்காரு. உன் கார் இன்னும் மேலதான் தொங்குது. ஆணிதான? அரை மணி நேரம் ஆகும். அந்தக் காபிய மட்டும் தொடாத. நேத்து போட்டது.

வெளிய நிக்குது பாரு, அதான் என் பிக்கப், பின்னாடி சாமான் ஏத்தற வண்டி. செவப்பு. 'செர்ரி மெட்டாலிக்'னு சொல்லணுமாம், செவப்புன்னு சொன்னா அந்த சேல்ஸ்காரப் பையனுக்கு, பிரென்ட்டுன்னு பேரு அவனுக்கு, மனசு கஷ்டமாயிடும். பின்னாடி மாட்டியிருக்கறது டிரெய்லர். உள்ளயே கட்டில், அடுப்பு, குளிக்கற எடம் எல்லாம் இருக்கு. அழகா இருக்குல்ல ரெண்டும்? தனித்தனியா அழகுதான். சேத்து வெச்சாத்தான் தகராறு.

வண்டி வாங்கி மூணு வாரம் கழிச்சுத்தான் பாத்தேன். டிரைவர் கதவத் தொறந்தா ஓரத்துல ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கான். கையகலம். 'ஏறுற ஆளு, ஏத்துற சாமான் எல்லாம் சேத்து ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூறு பவுண்டுக்கு மேல கூடவே கூடாது'ன்னு. பதினோராயிரத்த எப்படி எழுதியிருந்தான் தெரியுமா? ஷோரூம் சுவத்துல என் ஒசரத்துக்கு! இத எழுதியிருக்கான் பாரு, கண்ணாடி மாட்டி, குனிஞ்சு, மூச்சப் புடிச்சுக்கிட்டுப் படிக்கணும்.

கேட்டா, இழுக்கறது வேறயாம், சுமக்கறது வேறயாம்! ஆமாங்கய்யா. டிரெய்லர் தன் சக்கரத்துல உருண்டு வந்தாலும், அதோட மூக்கு நம்ம வண்டி மேலதான உக்காந்திருக்கு? அந்த மூக்கு மட்டும் தொள்ளாயிரம் பவுண்டு. மாட்டுற கொக்கி, கம்பி எல்லாம் ஒரு எம்பது. ஆச்சா? தொள்ளாயிரத்து எம்பது போச்சு. மிச்சம் எவ்ளோ? முந்நூத்திப் பத்து. அதுக்குள்ள நான் உக்காரணும், என் பொண்டாட்டி ஆர்டித் உக்காரணும். சாண்ட்விச் மடில வெச்சுக்கலாம்... அதுவும் வெண்ணெய் தடவாம.

சிரிக்காதம்மா. சரி, சிரி. எங்க ஊர்ல எல்லாரும் சிரிச்சாச்சு, நீயும் சிரி.

எடை எங்க போச்சுன்னு நெனைக்கற? சொல்றேன் கேளு. கூரை பூரா கண்ணாடி. எதுக்கு? மேல பாத்துக்கிட்டே ஓட்டறதுக்கு. தோல் சீட்டு. அந்த சீட்டு முதுக புடிச்சு விடும். ஆமா! நாப்பது வருஷம் கோதுமையும் சோளமும் ஏத்தி எறக்கினேன், அப்ப ஒருத்தன் புடிச்சு விடல. இப்ப காபி குடிக்கப் போகும்போது புடிச்சு விடுது. கதவத் தொறந்தா கால் வெக்கறதுக்குப் படி தானா எறங்கி வரும், ராஜா வர்றாருன்னு. பின்கதவுல பாட்டுப் பெட்டி. மாடுங்க கேக்கறதுக்கா? டம்ளர் வெக்க எத்தன குழி இருக்குன்னு எண்ணினேன். பதினாலு. அஞ்சு பேர் உக்கார்ற வண்டில! ஒவ்வொண்ணும் எடைம்மா. வண்டி மொதல்ல தன்னத்தான் சுமக்குது. அது போக மிஞ்சினத நமக்குப் போனாப் போவுதுன்னு தருது.

பிரென்ட் எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். 'தெனம் எப்படி ஓட்டுவீங்க சார்?' அவ்ளோதான், நான் விழுந்துட்டேன். தெனம் ஓட்டணும்ல? டிரெய்லர் வருஷத்துல ரெண்டு மாசம். மிச்சம் பத்து மாசம் நான்தான உள்ள உக்காரணும்? மெத்துன்னு இருக்கணும், சத்தம் வரக் கூடாது, சர்ச் வாசல்ல நிறுத்தினா நாலு பேர் திரும்பிப் பாக்கணும்... இல்ல, கடைசில சொன்னத விட்ரு.

ஆர்டித்து அப்பவே ஒண்ணப் புடிச்சிட்டா. ஷோரூமோட பின்பக்கம், குப்பைத் தொட்டி பக்கத்துல நின்னுச்சு. வெள்ள பிக்கப். ஒரு படி பெரிய ரகம், பண்ணைக்காரங்க வாங்கறது. துணி சீட்டு, ரப்பர் தரை, கண்ணாடிய கையால சுத்தி எறக்கணும். அவ நேராப் போயி கதவத் தொறந்தா, குனிஞ்சா, கதவோரத்துல ஒட்டின சீட்டப் படிச்சா. 'லேவர்ன், இது மூவாயிரம் பவுண்டு சுமக்கும்'னா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினா, அதுல தெரிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிரென்ட் முன்னாடி சொன்னேன். 'ஏம்மா, குழாய் ரிப்பேர் பண்றவன் வண்டி மாதிரி இருக்கு, இதுலயா நான் காபிக் கடைக்குப் போவேன்?'னு. அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். இதெல்லாம் காலியா ஓட்டினா குலுக்கி எடுக்கும், என் முதுகு என்ன ஆவறதுன்னேன்.

அதுக்கு அவ, 'நீ தெனம் எங்க ஓட்டற? போஸ்ட் ஆபீஸ், காபிக் கடை, பழைய கிடங்கு. மூணும் சேத்து நாலு மைல். நாலு மைலுக்கு உன் முதுகு தாங்காதா? கெல்சி வீடு ஆயிரம் மைல்'னா.

கெல்சி எங்க பொண்ணு. ஒரே பொண்ணு. ஐடஹோல பாய்ஸில இருக்கா. இருபத்தாறாந் தேதி கொழந்த பொறக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கான். மொதக் கொழந்த. அவ வீட்ல ஒரே ஒரு படுக்கை ரூம், அதான் டிரெய்லர். கொல்லைல நிறுத்திக்கிட்டு ரெண்டு மாசம் கூடவே இருக்கணும்னு ஆர்டித்து ஜனவரிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கா. கம்பளிப் போர்வை மட்டும் மூணு பின்னியிருக்கா. ஒரு கொழந்தைக்கு மூணு! சரி, ஐடஹோல குளிரும்.

இப்ப கேளு. இதான் கதை. திங்கக்கெழம. எங்க வீட்டு கராஜ். நான் அட்டப் பெட்டி ஒண்ணக் கிழிச்சுச் சுவத்துல மாட்டி, பென்சிலால கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். கீழ குளியலறை எடை மெஷின். ஹார்லன் வந்திருந்தான், பக்கத்து வீடு, பொழுது போகாம. நான் ஒவ்வொரு சாமானா மெஷின்ல வெக்கறேன். ஆர்டித்தோட ரெண்டு பெட்டி. போர்வை. வெள்ளரிக்கா ஊறுகா பாட்டில் ஆறு, ரெண்டு போதும்னு நாலு எடுத்துட்டேன். அப்புறம் அவ தையல் மெஷின். இருபத்தாறு பவுண்டு. 'இது வேணாம்'னு ஓரமா வெச்சேன். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும். ஆர்டித்து சத்தம் போட்டான்னா பயமில்ல. வாயத் தொறக்கலன்னாத்தான்...

அப்புறம் நான், பென்சிலால எடை மெஷினக் காட்டி, 'ஏறு'ன்னேன்.

ஆமா. அவளத்தான். ஹார்லன் முன்னாடி.

அப்படிப் பாக்காதம்மா! கணக்கும்மா அது! சீட்டுல 'ஆளுங்க'ன்னு போட்டிருக்கான், ஆளுங்க எடை போடாம எப்படி? ஏறினா. செருப்பக் கழட்டிட்டு ஏறினா. நூத்தி அறுபத்தஞ்சு. நான் அதச் சத்தமாப் படிச்சு, அட்டைல எழுதி, கூட்டிப் பாத்து, 'பெட்டிய விட்டாலும், நம்ம ரெண்டு பேருக்கே அம்பத்தஞ்சு பவுண்டு ஜாஸ்தியாவுது'ன்னேன். ஹார்லன் தன் செருப்பையே பாத்துக்கிட்டு நிக்கறான். இதோட விட்டிருக்கலாம். விட்டனா? 'ஒண்ணு பண்ணலாம் ஆர்டித்து. நீ உன் தங்கச்சி லவோன் கூட அவ கார்ல பின்னாடியே வந்துடேன்'னேன். என்னவோ பெருசாக் கண்டுபுடிச்சுட்ட மாதிரி!

அவ எறங்கினா. அந்த அட்டைய ஒரு நிமிஷம் பாத்தா. மேலேர்ந்து கீழ வரைக்கும். போயி தையல் மெஷினத் தூக்கிக்கிட்டா. சாயங்காலம் லவோன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. லவோனுக்கு சிட்னி. ஆஸ்திரேலியா இல்லம்மா, நம்ம சிட்னி, மேற்கால இன்னும் நூத்தி இருவது மைல். போகும்போது கார் கண்ணாடிய எறக்கி ஆர்டித்து சொன்னா, 'வியாழக்கெழம பன்னெண்டு மணி. எனக்கு உக்கார எடம் இருந்தா வா. இல்லன்னா நானும் லவோனும் கெளம்பிடுவோம். நீ உன் பதினோராயிரத்தக் கட்டிக்கிட்டு அழு.'

இன்னிக்குத்தான் வியாழக்கெழம.

நாப்பத்தி மூணு வருஷம்மா. ஒரு தடவ தனியாத் தூங்கினதில்ல, அவ அப்பன் செத்தப்ப நாலு நாள் தவிர. ரெண்டு நாளா வீட்ல ரேடியோ பேசுது, நான் பேசறேன், ரெண்டு பேருக்கும் பதில் இல்ல. அந்தக் கொழந்த பொறக்கும்போது அவ அங்க இருப்பா, அதுல சந்தேகமே இல்ல. லவோன் ராத்திரி பகலா ஓட்டுவா. நான் எங்க இருப்பேன்ங்கறதுதான் கேள்வி. ஆர்டுல, பதினாலு குழியோட.

ஹார்லன்தான் சொன்னான், டயர மாத்துன்னு. கனமான டயரு, பத்து அடுக்கு, லாரி மாதிரி. அதப் போட்டா வண்டி கூடச் சுமக்கும்னான். அவன் மச்சானுக்கு யாரோ அப்படிப் போட்டுக் குடுத்தாங்களாம். அதான் இங்க வந்தேன். அந்தக் கவுண்டர்ல நிக்கறானே, ஸ்டூ, அவங்கிட்ட கேட்டேன். அவன் என்னய ஏற எறங்கப் பாத்துட்டு, 'டயர் மாத்தலாம் சார். நாலு போட்டுத் தர்றேன், காசும் வாங்கிக்கறேன். ஆனா கதவுல ஒட்டின சீட்டு மாறாது'ன்னான். டயர் மட்டுமா சுமக்குது, அச்சு இருக்கு, வில்லு இருக்கு, பிரேக்கு இருக்கு... பாடம் எடுக்கறான்! இந்த ஊர்ல காசு வேணாம்னு சொல்றவன் கெடச்சது எனக்கு மட்டுந்தான். இன்னிக்குப் பாத்து நேர்மையா இருக்கான்.

சரி, எவ்ளோ ஜாஸ்தின்னு தெரியணும்ல, மேடைல ஏத்திட்டு வாங்கன்னான். அதோ, ஹைவே பக்கம் லாரிங்க எடை போடற மேடை. போனேன். முன்னாடி பதினெட்டுச் சக்கரம், பின்னாடி பதினெட்டுச் சக்கரம், நடுவுல நான், செர்ரி மெட்டாலிக். பின்னாடி இருக்கறவன் ஹாரன அடிச்சே என்ன மேடைல ஏத்தினான். எடைச் சீட்டுக் குடுத்தாங்க. இந்தா, நீயே பாரு. கதவுல போட்டிருக்கறதவிட எவ்ளோ ஜாஸ்தி?

முந்நூத்தி எழுபது.

ஆமா. நானும் ரெண்டு தடவ பாத்தேன். இது ஆர்டித்து இல்லாமம்மா. அவ இங்க இல்லவே இல்ல. அவ பெட்டி இல்ல, போர்வை இல்ல, தையல் மெஷின் இல்ல. நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு சிட்னில உக்காந்து தங்கச்சியோட காபி குடிக்குது. அப்ப இந்த முந்நூத்தி எழுபது யாரு?

எஞ்சினே கனமா இருக்கும்னு பாக்கறேன். மேடை தப்பா இருக்கும்னு பாக்கறேன். ஸ்டூவக் கூப்பிட்டு, 'உங்க ஊரு மேடை சரியில்ல'ன்னேன். அவன் வெளிய வந்து வண்டியோட பின்பக்கம் எட்டிப் பாத்தான்.

என்ன இருக்கும்? ஒரு மனுஷனுக்கு வேண்டியதுதான் இருக்கு! கரண்டு இல்லன்னா ஓட்ட ஒரு ஜெனரேட்டர். நூறு பவுண்டு. டூல் பெட்டி, இரும்பு, நெறைய சாமானோட. அது ஒரு இருநூத்திப் பத்து. வழில ஏதாவது ஆச்சுன்னா? கெல்சி வீட்ல ஏதாவது ஒடஞ்சுதுன்னா? அப்புறம் கறி புகை போடற அடுப்பு. நூத்தி இருவது. கெல்சி மாமனார் வீட்டுக்காரங்க வருவாங்க, ஐடஹோக்காரன் கறிய எப்படிச் சுடுவானோ யாரு கண்டா. நான் போட்டுக் காட்டறேன்னு போன்ல சொல்லிட்டேன்.

இத எல்லாம் அட்டைல எழுதல. ஏன் எழுதல? அது வண்டில எப்பவும் கெடக்கறதும்மா! கெடக்கறத யாராவது எழுதுவாங்களா?

அதோட முடியல. ஸ்டூ டிரெய்லர் பக்கம் போயி, முன் பெட்டியத் தட்டி, 'இதுக்குள்ள என்ன சார்?'னான். அந்தப் பெட்டி நேரா மூக்கு மேல இருக்கு. அதுல வெக்கறது எல்லாம் என் வண்டி முதுகுல வெச்ச மாதிரிதானாம். தெரியாது எனக்கு. தெரிஞ்சுக்கலன்னு சொல்லணும், நேர்மையா. தொறந்தேன். வெறகு. நம்ம ஊர் வெறகு, புகை போடறதுக்கு, ஐடஹோல மரமே இல்லாத மாதிரி. அதுக்குக் கீழ லாடம் எறியற வெளையாட்டு செட்டு, ரெண்டு செட்டு, நட்டு வெக்கற இரும்புக் கம்பியோட. அந்த மாப்பிள்ளப் பையனுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு. அவன் கேக்கல. அவன் கம்ப்யூட்டர்ல இருக்கான், எதையும் எறிஞ்சதே இல்ல. தூக்கிப் பாத்துட்டு ஸ்டூ, 'இது ஒரு முந்நூறு வரும்'னான். அந்தத் தொள்ளாயிரத்துல முக்காவாசி ஆர்டித்து சமயல் சாமானுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!

ஸ்டூ கடைசியா ஒரு கேள்வி கேட்டான். 'உங்க எடை எவ்ளோன்னு போட்டீங்க?' இருநூறுன்னேன். அவன் சும்மா என் பெல்ட்டப் பாத்தான். உள்ள ஒரு மெஷின் வெச்சிருக்கான், பழைய பேட்டரி எடை போடறதுக்கு. ஏறுங்கன்னான். வாடிக்கக்காரங்க ரெண்டு பேர் முன்னாடி ஏறுங்கன்னான்.

இருநூத்தி அம்பத்தி ஒண்ணு.

இருநூறுங்கறது... பட்டாளத்துலேர்ந்து வந்தப்ப இருந்த எடை. அதுக்கப்புறம் நான் ஏறல. அவளத்தான் ஏறச் சொன்னேன்.

இப்பப் புரியுது, அவ அந்த அட்டைய ஏன் அப்படிப் பாத்தான்னு. நான் எழுதினத அவ பாக்கல. எழுதாததப் பாத்துக்கிட்டிருந்தா.

ஏய்... கண்ணத் தொடச்சுக்காத, எனக்குச் சங்கடமா இருக்கு. தூசியா? சரி, தூசி. இந்தக் கடைல தூசிதான்.

ஸ்டூ சொல்றான், அந்த மூலைல எல்லாத்தையும் எறக்கி வெச்சுட்டுப் போங்க, திரும்பி வரும்போது எடுத்துக்கங்க, ஆர்டித்து அம்மாவும் உக்காரலாம், தையல் மெஷினும் வெச்சுக்கலாம், மிச்சமும் இருக்கும்னு. அட்டை கிழிக்காம, பென்சில் இல்லாம, மனசுலயே போட்டுட்டான் கணக்க. புத்திசாலிப் பய.

எறக்கலாம். அரை மணி நேர வேல. ஆனா நீ சொல்லு... பின்னாடி காலியா நான் சிட்னில போயி நின்னா, லவோன் வீட்டு வாசல்ல, ஆர்டித்து வந்து எட்டிப் பாப்பா. பாப்பா, எனக்குத் தெரியும். ஒண்ணுமே இருக்காது. அப்ப அவளுக்குத் தெரிஞ்சிடும்ல, எது கனமா இருந்துச்சுன்னு? கேக்க மாட்டா. கேட்டாப் பரவால்ல. கேக்காம ஏறி உக்காந்து பெல்ட் போட்டுக்குவா. ஆயிரம் மைல், அந்தக் கேக்காத கேள்வி பக்கத்துல நான் உக்காந்து ஓட்டணும்.

அந்த வெள்ள வண்டிய வாங்கியிருந்தா இந்தக் கதையே இல்ல. எல்லாம் ஏறியிருக்கும். அவ, நான், வெறகு, ஊறுகா ஆறு பாட்டிலும். குலுக்கியிருக்கும். குலுக்கட்டுமே! சேந்து குலுங்கியிருப்போம்.

பிரென்ட் மேல தப்பில்லன்னு சொல்லல. அந்த டிவிக்காரன் மேலயும் தப்பு இருக்கு. மலை மேல ஓட்டறானே, அவன் பொண்டாட்டி எங்க இருக்கான்னு யாராவது கேட்டாங்களா? எங்கயாவது தங்கச்சி வீட்லதான்...

என்னது? ஆமா, உன்னத்தான் கூப்பிடறான். கோரின்னா நீதான? போம்மா, போ. டயர நல்லாப் பாத்து வாங்கு. நான் இன்னொரு காபி... வேணாம். ஸ்டூ! ஏய் ஸ்டூ! அந்த மூலைல கெடக்கற பழைய டயர ஓரமாத் தள்ளுப்பா. எனக்கு எடம் வேணும்."

கோரின் பணம் கட்டிவிட்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டாள். காரைத் திருப்பும்போது பார்த்திருக்கிறாள். அவர் அந்தப் புகை அடுப்பைத் தனியாக இறக்க முயன்று, மூச்சு வாங்கி நின்றுகொண்டிருந்தார். ஸ்டூ மறுபக்கம் பிடிக்கப் போனான். கடைச் சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. இறக்கி முடிக்க அரை மணி, டிரெய்லரோடு சிட்னிக்கு இரண்டு மணி நேரம். "பாவம், பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது" என்று கோரின் இரண்டு தடவையும் சொன்னாள். அவரது தொலைபேசி எண் அவளிடம் இல்லை. விசாரிக்க வழியும் இல்லை.

நாங்கள் அயோவாக்காரர்கள், அந்தப் பக்கம் பழக்கமில்லை. அன்று மாலை வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். நார்த் பிளாட்டும் சிட்னியும் ஒரே மாநிலம்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே நேரக் கோடு போகிறது. சிட்னியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நார்த் பிளாட்டில் பன்னிரண்டு ஐம்பது ஆகும்போது அங்கே பதினொன்று ஐம்பதுதான்.